லாராவுக்கு எந்த கிளட்ச்? நான்கு வழி, ஒரே கணக்கு

காலியான பைபாஸில் ஐந்தாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டே ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துப் பாருங்கள். டாக்கோமீட்டர் (இன்ஜின் சுற்றைக் காட்டுவது) முள்ளும் ஸ்பீடோமீட்டர் முள்ளும் சேர்ந்தே ஏறினால், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் உரசிப் பிடித்து இணைக்கும் கிளட்ச் ஒழுங்காகப் பிடிக்கிறது. டாக்கோ முள் மட்டும் விருட்டென்று 3,500-க்குத் தாவி, வண்டி பழைய வேகத்திலேயே உருண்டால், கிளட்ச் கைவிட்டுவிட்டது. என் ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல் கார்), ரீமேப் செய்த, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டிய மூன்றாவது வாரம், கோவையின் நீலாம்பூர் – மதுக்கரை பைபாஸில் இதைத்தான் செய்தது.

ஷோரூமிலிருந்து வந்தபோது அந்த இன்ஜினுக்கு 160 குதிரைசக்தி, 250 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). ரீமேப்புக்குப் பிறகு டார்க் 330-ஐ ஒட்டிப் போயிருந்தது. கிளட்ச் பிளேட்டோ ஏற்கெனவே 70,000 கி.மீ. தேய்ந்தது. அதைக் குறை சொல்லி என்ன பயன்? மாற்றித்தான் ஆக வேண்டும். எதை வாங்குவது என்பதில்தான் ஒரு முறை தப்பாக வாங்கி, இன்னொரு முறை கியர்பாக்ஸை இறக்கி ஏற்றிக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

கடையில் முதலில் கேட்பது "எத்தனை ஹெச்பி?" என்றுதான். அந்தக் கேள்வியே தப்பு. கிளட்ச்சுக்குக் குதிரைசக்தி தெரியாது, டார்க் மட்டும்தான் தெரியும். இதே லாராவில் 2.0 டீசல் வந்தது: 140 குதிரைசக்தி, 320 நியூட்டன் மீட்டர். சக்தி பெட்ரோலைவிடக் குறைவு, ஆனால் கிளட்ச் தாங்க வேண்டிய சுமை அதிகம். எதிர்ப்பக்கம் ஜப்பானில் 1999-இல் வந்த ஹோண்டா எஸ்2000: 250 குதிரைசக்தி, டார்க் வெறும் 218. சக்தியின் உச்சம் 8,000 ஆர்பிஎம்முக்கு மேலேதான் வந்தது. லாராவில் அப்படி இல்லை. டர்போ 1,500 ஆர்பிஎம்மிலேயே மொத்த டார்க்கையும் கொட்டிவிடும். அதனால் சிக்னலில் கிளம்பும்போது அல்ல, மேல் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டு ஓவர்டேக்குக்காக மிதிக்கும்போதுதான் கிளட்ச் வழுக்கும்.

கம்பெனிக்காரர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். 2016-இல் இங்கே வந்த சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐயைப் பாருங்கள். மேனுவலில் 320 நியூட்டன் மீட்டர், டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக்கில் 250. இன்ஜின் ஒன்றுதான், 180 குதிரைசக்தியும் ஒன்றுதான். அந்த ஏழு கியர் டிஎஸ்ஜியின் உலர் கிளட்ச்சும் பல்சக்கரமும் 250-க்கு மேல் தாங்காது என்பதால் இன்ஜினின் வாயைக் கட்டியே விற்றார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு கிளட்ச் எவ்வளவு டார்க்கைத் தாங்கும் என்பது நான்கு எண்களைப் பெருக்கினால் கிடைத்துவிடும்: உரசும் முகங்கள் எத்தனை, உராய்வு எண் எவ்வளவு, பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை, இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்தும் தட்டு) எவ்வளவு விசையில் அழுத்துகிறது, பிளேட்டின் சராசரி ஆரம் என்ன. சாதாரண பிளேட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு முகம். உராய்வு எண் 0.3, அழுத்தம் 5,000 நியூட்டன், ஆரம் பத்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 நியூட்டன் மீட்டர் வரும். (உதாரணத்துக்காக உருட்டிச் சொன்ன எண்கள் இவை, லாராவின் ஸ்பெக் அல்ல.) சந்தையில் இருக்கும் எல்லா 'அப்கிரேடு'களும் இந்த நான்கில் ஒன்றையோ இரண்டையோ கூட்டுகின்றன. எதைக் கூட்டுகிறதோ, அதற்கேற்ற விலையை வேறு எங்கேயோ வசூலிக்கும்.

ஆரத்தைக் கூட்டுவதை இங்கேயே விட்டுவிடலாம். பெரிய பிளேட் வேண்டுமென்றால் ஃப்ளைவீலும் பெரிதாக வேண்டும், கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் கூட்டில் இடம் இருக்காது. மீதி மூன்றுதான் நிஜமான போட்டி.

அழுத்தத்தைக் கூட்டுவது

ஆர்கானிக் பிளேட் (கம்பெனியிலிருந்தே வரும் சாதாரண நார் லைனிங் பிளேட்) அப்படியே இருக்கும், பிரஷர் பிளேட் மட்டும் பலமானதாக வரும். சாக்ஸ் மாதிரியான நிறுவனங்களின் பெர்ஃபார்மன்ஸ் செட் இந்த வகை. அழுத்தம் 30 சதவீதம் கூடினால் நம் உதாரணத்தில் 300 என்பது 390 ஆகிறது. ரீமேப் மட்டும் செய்த லாராவுக்கு இதுவே போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

ஆர்கானிக்கின் அருமை ஹாஃப் கிளட்ச்சில், அதாவது பெடலைப் பாதி விட்ட நிலையில், தெரியும். இரண்டு லைனிங்குக்கும் நடுவே அலை அலையாக வளைந்த மெல்லிய ஸ்பிரிங் தகடு இருக்கிறது. பெடலை விடும்போது முதலில் அது நசுங்கும், அப்புறம்தான் முழுப் பிடி. வண்டி வழுக்கிக்கொண்டு மெதுவாகக் கிளம்புவது இந்தத் தகட்டின் புண்ணியம்.

விலை எங்கே என்றால், காலில். பெடல் கனமாகும். லீவர் புள்ளியை மாற்றி இதை ஓரளவு குறைக்கிறார்கள், ஆனால் சென்னைக்காரர் கத்திபாராவில் அரைமணி நேரம் நின்றால் இடது தொடை சொல்லிவிடும். யாரும் பேசாத இன்னொரு விலையும் உண்டு. பெடலை மிதிக்கும்போதெல்லாம் அந்த விசை கிராங்க் ஷாஃப்ட்டை (இன்ஜினின் சுழலும் முக்கியத் தண்டு) முன்பக்கமாகத் தள்ளுகிறது. அதைத் தாங்குவது சின்னஞ்சிறு த்ரஸ்ட் பேரிங். கனமான பிரஷர் பிளேட் போட்டுவிட்டு, சிக்னலில் கியரைப் போட்டபடி 90 நொடி மிதித்துக்கொண்டே நிற்பவர்கள் இன்ஜினைத்தான் தேய்க்கிறார்கள். நியூட்ரல் போட்டுவிட்டுக் காலை எடுங்கள்.

உராய்வைக் கூட்டுவது

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். பக் கிளட்ச் என்பார்கள். வட்டம் முழுக்க லைனிங் இல்லாமல், ஆறு வில்லைகள் பூவிதழ் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். வில்லை செம்பும் செராமிக்கும் கலந்து சுட்டெடுத்தது. ஆர்கானிக்கின் 0.3 இங்கே 0.4-ஐத் தாண்டும், சூடு ஏறினாலும் பிடி விடாது. விலையும் பின்னால் வரப்போகும் இரட்டை பிளேட்டைவிடப் பல மடங்கு குறைவு. காகிதத்தில் இதை அடித்துக்கொள்ள ஆளே இல்லை.

வாங்கிய இடத்தில் "டெய்லி ஓட்டலாம், பழகிடும்" என்றார்கள். வண்டியை இறக்கிய எங்கள் மெக்கானிக் அண்ணன் பிளேட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பந்தயத்துக்குங்களா, ஆபீஸ் போறதுக்குங்களா?" என்று மட்டும் கேட்டார். அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவினாசி சாலையில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் அந்த கிளட்ச்சுக்கு இரண்டே நிலைதான், ஸ்விட்ச் மாதிரி. பிடிக்காது, அல்லது மொத்தமாகப் பிடிக்கும். நடுவே உதறல். முன்னால் சொன்ன அலைத் தகடு என்னுடையதில் கிடையாது. கூடவே, இந்த வில்லைகளுக்கு வழுக்கும்போது இருக்கும் பிடி வேறு, நின்றபின் இருக்கும் பிடி வேறு. பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு என்று வண்டி முழுக்கக் குலுங்கும். வால்பாறைக்கு ஏறியபோது 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், பஸ்ஸுக்கு வழிவிட்டு ஏற்றத்தில் நிற்க வேண்டியதாயிற்று. திரும்பக் கிளம்ப நான்கு முறை இன்ஜின் அணைந்தது. பின்னால் நின்ற ஜீப்காரர் இறங்கி வந்து, "புதுசா ஓட்டப் பழகறீங்களா?" என்று அக்கறையாகக் கேட்டார். பதினெட்டு வருடமாக ஓட்டுகிறேன் என்று சொல்லவில்லை.

இதை வைத்து பக் கிளட்ச்சே மோசம் என்று சொல்லிவிட முடியாது. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஒரு முழு நாள் ஓட்டியபோது ஒரு குறையும் இல்லை. அங்கே ஹாஃப் கிளட்ச்சுக்கு வேலையே கிடையாது, சூடுதான் எதிரி. தெருவில் நிலைமை தலைகீழ். இன்னொன்று, இந்த வில்லைகள் ஃப்ளைவீலின் முகத்தையும் அரிக்கும். இறக்கிப் பார்த்தபோது என்னுடையதில் நகக்கண் பதியும் அளவுக்குத் தடம்.

பக் வேண்டாம் என்பவர்களிடம் கெவ்லர் பிளேட்டைக் காட்டுவார்கள். 1965-இல் டூபான்ட் ஆய்வகத்தில் ஸ்டெஃபனி குவோலெக் கண்டுபிடித்த நார் அது. எடை குறைந்த டயருக்கு உறுதியான நார் வேண்டும் என்று தேடப் போய்க் கிடைத்தது. கார் உலகத்துக்காகத் தேடியதுதான், குண்டு துளைக்காத அங்கி எல்லாம் அப்புறம். கிளட்ச்சில் கெவ்லர் மெதுவாகத் தேயும், மெதுவாகப் பிடிக்கும், நெடுநாள் உழைக்கும். ஆனால் உராய்வு எண் ஆர்கானிக்கைவிடப் பெரிதாகக் கூடுவதில்லை. ஒருமுறை அளவுக்கு மீறிச் சுட்டுவிட்டால் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்துப்போகும், பிடி திரும்ப வருவது கஷ்டம். புது பிளேட்டை மெல்ல ஓட்டிப் பழக்கும் ரன்னிங்-இன் காலமும் நீளம். பொறுமைசாலிகளுக்கான பிளேட், என்னை மாதிரி ஆட்களுக்கு அல்ல.

முகங்களைக் கூட்டுவது

ட்வின் பிளேட். இரண்டு பிளேட், நடுவே ஒரு மிதக்கும் தகடு, மொத்தம் நான்கு முகம். அதே உராய்வு, அதே அழுத்தம், ஆனால் நம் உதாரணத்தின் 300 நேராக 600 ஆகிவிடுகிறது. கனமான பெடலும் வேண்டாம், கரடுமுரடான வில்லையும் வேண்டாம். ஆர்கானிக் லைனிங்கோடு வரும் ட்வின் தெருவில் ஓட்ட அருமையாக இருக்கும். நண்பர் ஒருவருடைய பெரிய டர்போ காரில் ஓட்டிப் பார்த்தேன். 500-க்கு மேல் டார்க் உள்ள வண்டி என்று கால் நம்பவே இல்லை.

அப்படியானால் ஏன் எல்லோரும் இதையே போடுவதில்லை? காசுதான் முதல் காரணம். இறக்குமதி, அதற்கு மேல் சுங்க வரி, பெரும்பாலும் தனி ஃப்ளைவீலோடுதான் வரும். பெடலை மிதித்தால் நடுத்தகடு கலகலக்கும், தெரியாதவர் கேட்டால் ஏதோ உடைந்துவிட்டது என்பார். பெடல் முழுக்கப் போகாவிட்டால் நான்கு முகமும் சுத்தமாக விலகாது, கியர் விழ மறுக்கும். ஆகவே ஹைட்ராலிக்கில் ஒரு சொட்டுக் காற்றுகூட இருக்கக்கூடாது. இதைப் பொருத்திப் பழகிய கையும் வேண்டும்.

என் கணக்கு இப்படி. 400 நியூட்டன் மீட்டர் வரை பலமான பிரஷர் பிளேட்டும் ஆர்கானிக்கும் போதும், அதற்கு மேல் யோசிப்பது வீண். டர்போவையே பெரிதாக மாற்றி 450, 500 என்று போகிறவர்கள் காசு சேர்த்து நேராக ட்வினுக்குப் போகட்டும். நடுவே பக் கிளட்ச் வாங்கி மிச்சம் பிடித்ததாக நினைப்பவர்கள் இரண்டு முறை லேபர் கொடுப்பார்கள். சாட்சி வேண்டுமென்றால் நான் இருக்கிறேன்.

'ஸ்டேஜ்' எண்ணை நம்பி வாங்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிளட்ச் நிறுவனமான எக்ஸெடியில் ஸ்டேஜ் 1 என்றால் ஆர்கானிக், ஸ்டேஜ் 2 என்றால் செராமிக் வில்லை. வேறொருவர் வேறு மாதிரி எண் போடுவார். இன்ஜின் ரீமேப்பின் ஸ்டேஜுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. என்ன லைனிங், எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும், அந்த எண் கிராங்கில் அளந்ததா, சக்கரத்தில் அளந்ததா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கடையை மாற்றுங்கள்.

பட்டறையில் பழைய பிளேட்டுக்குத் தடிமனான லைனிங் ரிவிட் அடித்துத் தருவதும் ஒரு வழியாகச் சொல்லப்படுகிறது. டிராக்டருக்குச் சரி. 6,500 ஆர்பிஎம் சுற்றும் இன்ஜினில் அந்த லைனிங் பிய்த்துக்கொண்டால் பெல் ஹவுசிங்கே போய்விடும், அதற்குப் பின்னால் உங்கள் கால் இருக்கிறது.

ஃப்ளைவீல்: தனிச் சண்டை

லாராவில் இருப்பது டூயல் மாஸ் ஃப்ளைவீல். இரண்டு பாதி, நடுவே வளைந்த நீள ஸ்பிரிங்குகள். இன்ஜினின் துடிப்பை கியர்பாக்ஸுக்குப் போகவிடாமல் விழுங்குவது அதன் வேலை. டார்க் கூடினால், அதுவும் 1,800 ஆர்பிஎம்மில் முழு மிதி மிதித்தால், ஸ்பிரிங் கடைசிவரை நசுங்கி முட்டும். நாளடைவில் ஆடும், அணைக்கும்போது 'கடக்' என்று சத்தம் வரும். அதைத் தூக்கிவிட்டு ஒரே திடமான துண்டாக வரும் சிங்கிள் மாஸ் போட்டால் சுமை தாங்கும், இன்ஜின் சுறுசுறுப்பாகச் சுற்றும். ஆனால் ஐடிலில் (வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது) கியர்பாக்ஸ் டீசல் ஆட்டோ மாதிரி கரகரக்கும். ரொம்ப லேசான ஃப்ளைவீல் போட்டால் சிக்னலில் கிளம்பும்போது அணைந்து அணைந்து போகும்.

நான் பக் கிளட்ச்சைத் தூக்கி எறிந்தபோது டூயல் மாஸையே புதிதாக வாங்கிப் போட்டேன். என் மனைவி அதே காரை ஓட்டுகிறாள் என்பது ஒரு காரணம். நியூட்ரலில் கரகரக்கும் காரை வைத்துக்கொண்டு "இது இப்படித்தான் இருக்கும்" என்று தினமும் விளக்க எனக்குத் தெம்பில்லை என்பது மற்றொன்று. 330-க்கு அது தாங்குகிறது. 400-ஐத் தாண்டும் எண்ணம் இருந்தால் சிங்கிள் மாஸ்தான், சத்தத்தோடு சமாதானம் ஆகிக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே ரிலீஸ் பேரிங், கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல், ஃப்ளைவீல் போல்ட்டுகள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். அந்தச் சீல் சின்னக் காசு. அது கசிந்து ஆயில் பிளேட்டில் பட்டால் நான்கு வழியில் எதுவும் பிடிக்காது. அப்புறம் முதல் 800 கி.மீ. ஊருக்குள்ளேயே, கியர் மாற்றி மாற்றி, டர்போவை எழுப்பாமல் ஓட்ட வேண்டும். ஹைவேயில் ஆறாவது கியரில் 800 கி.மீ. போய்விட்டு 'முடிந்தது' என்பது ஏமாற்று வேலை, அங்கே கிளட்ச் ஒரு தரம்கூட உரசியிருக்காது. எனக்கு அது ஐந்து வாரம் எடுத்தது. ஆறாவது வாரம் மறுபடி அதே பைபாஸ், அதே ஐந்தாவது கியர், 2,000 ஆர்பிஎம். இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறின.