எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கிவிட்டேன், பிரேக் பிடிக்க யாரும் சொல்லித்தரவில்லை

பைக் ஓட்டக் கற்றுக்கொள்ளப் பயிற்சிப் பள்ளியில் சேரப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். பள்ளி வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் எப்படிச் சத்தம் போடுகிறது என்று கேளுங்கள். அப்புறம் முன் பிரேக் லீவரைப் பிடித்துப் பாருங்கள். வண்டி சும்மா நிற்கும்போதே உறுமினால், லீவர் எந்த இறுக்கமும் இல்லாமல் ஹேண்டில்பாரில் போய் ஒட்டிக்கொண்டால், அங்கே சேராதீர்கள். நான் கற்றுக்கொண்ட வண்டி அப்படித்தான் இருந்தது. பழைய வண்டி, ஆளுக்கு ஆள் போட்டுப் பாடுபடுத்தியதில் இப்படி ஆகிவிட்டது போல என்று நினைத்திருந்தேன். வேண்டுமென்றே அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள் என்பது லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

வகுப்புகள் என்னவோ சந்தோஷமாகத்தான் போயின. விடிந்தும் விடியாத நேரத்தில் மைதானம், தரையில் சுண்ணாம்பால் போட்ட பெரிய எட்டு, முறைக்காகக் காத்து நிற்கும் கூட்டம். சேரும்போது 'ஒருவருக்கு ஒரு வண்டி, தனிக் கவனிப்பு' என்றார்கள். மைதானத்தில் இருந்தது ஒரே வண்டி. ஒரு ரவுண்டு போய் வந்தால் மறுபடி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். அதுகூடப் பெரிய குறையாகத் தெரியவில்லை, ஏனென்றால் எல்லோரும் சீக்கிரமே நன்றாக ஓட்ட ஆரம்பித்துவிட்டோம். முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டால் போதும், ஆக்சிலரேட்டரே கொடுக்காமல் வண்டி தானாக நகரும். ஆஃப் ஆகவே ஆகாது. ஹேண்டில்பாரை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தால் எட்டு தானாக விழும். மாஸ்டர் கை தட்டுவார். சைக்கிள் ஓட்டத் தெரிந்த யாரும் அந்த வண்டியில் எட்டு போட்டிருப்பார்கள்.

தந்திரம் ரொம்ப எளியது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் ஐடிலிங் ஸ்க்ரூ என்று ஒன்று உண்டு. ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டாலும் எஞ்சின் நின்றுவிடாமல் எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். சிறிய ஒற்றை சிலிண்டர் பைக்குகளில் நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று இருந்தால் சரி. அந்த ஸ்க்ரூவைக் கையாலேயே நன்றாகத் திருகிவிட்டால் எஞ்சின் அதைவிட எவ்வளவோ வேகமாகச் சுற்றும். கிளட்சை எவ்வளவு முரட்டுத்தனமாக விட்டாலும் சமாளித்துக்கொள்ளும்.

சாதாரண வண்டி இப்படி நடந்துகொள்ளாது. கிளட்ச் லீவரை மெல்ல விட்டுக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் எஞ்சின் சத்தம் லேசாகத் தாழும், வண்டி முன்னால் போகத் துடிக்கும். அந்த இடத்தில் கையை ஒரு நொடி நிறுத்தி, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, அப்புறம் மீதியை விட வேண்டும். மெதுவாகத் திரும்பும்போது பாதி கிளட்ச், சீரான ஆக்சிலரேட்டர், காலில் பின் பிரேக்கின் லேசான அழுத்தம் மூன்றும் சேர்ந்தால்தான் வண்டி தள்ளாடாது. பைக் ஓட்டுவதில் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடமே இதுதான். திருகி வைத்த வண்டியில் இந்தப் பாடத்துக்கு அவசியமே வராது. தண்ணீருக்குள் தரையில் காலை ஊன்றிக்கொண்டே நீச்சல் பழகுவது மாதிரி.

முன் பிரேக் கதை இன்னும் மோசம். ஒரு நாள் கேட்டேன்:

"மாஸ்டர், முன் பிரேக் பிடிக்கவே மாட்டேங்குதே?"

"அதைத் தொடாதீங்க தம்பி. முன் பிரேக் பிடிச்சா தூக்கி அடிச்சிடும். காலை மட்டும் யூஸ் பண்ணுங்க, போதும்."

அவர் மிரட்டியதற்குக் காரணம் இருக்கிறது. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது, மெதுவாகப் போகும் வண்டியில் புதிதாக ஓட்டுகிறவர் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் வண்டி சாயும். சாய்ந்தால் லீவர் உடையும், இண்டிகேட்டர் உடையும், அடுத்தவர் காத்திருக்க வேண்டும். அதற்காக முன் சக்கரத்துப் பிரேக் கேபிளின் நட்டைத் தளர்த்தி விட்டிருந்தார்கள். பள்ளிக்குச் செலவு மிச்சம். எங்களுக்கோ 'முன் பிரேக் ஆபத்து' என்ற எண்ணம் மண்டையில் ஏறிவிட்டது.

டெஸ்ட் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பள்ளி வண்டியிலேயே போனேன், எட்டு போட்டேன், கையைக் காட்டித் திரும்பினேன், பாஸ். அன்றைக்கு என்னைவிடப் பெரிய ரைடர் உலகத்தில் இல்லை என்ற நினைப்பு.

அப்புறம் சொந்த வண்டி வந்தது. முதல் சிக்னலிலேயே ஆஃப். மறுபடி ஸ்டார்ட், மறுபடி ஆஃப், பின்னால் ஹார்ன். மேட்டில் நின்று கிளம்புவது என்றால் என்ன என்றே தெரியவில்லை. வெட்கத்தோடு போயிற்று, சரி. ஆனால் அதே வாரத்தில் முன்னால் போன கார் திடீரென்று நின்றபோது, பழகிய பழக்கப்படி வலது காலால் பின் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பின் சக்கரம் லாக் ஆகி, வண்டி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போனது. விரல்கள் முன் பிரேக் பக்கம் போகவே இல்லை. முழங்கை, முழங்கால் சிராய்ப்போடு தப்பினேன். ஹெல்மெட்டின் பக்கவாட்டில் தரை தேய்த்த தடம் நீளமாக இருந்தது.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் போய் விழும். முன் சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்கும், பின் சக்கரம் லேசாகிவிடும். அதனால் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது முன் பிரேக்தான். லேசாகிப்போன பின் சக்கரத்தை மட்டும் ஓங்கிப் பிடித்தால் அது லாக் ஆகி வழுக்குவதில் ஆச்சரியமே இல்லை. முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல், முதலில் லேசாகப் பிடித்து, எடை முன்னால் வந்ததும் மேலும் அழுத்த வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவனுக்கு அந்தத் தூரம் இன்னும் நீளும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஹாரி ஹர்ட் குழுவினர் 1981இல் வெளியிட்ட அறிக்கையிலேயே இது இருக்கிறது. விபத்தில் சிக்கியவர்களில் பலர் பின் பிரேக்கை அளவுக்கு மீறிப் பிடித்துச் சக்கரத்தை வழுக்க விட்டிருக்கிறார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவே இல்லை. விபத்தில் சிக்கிய மொத்தப் பேரில் 92 சதவீதம் பேர் முறையான பயிற்சி இல்லாதவர்கள். தானாகவோ, வீட்டாரிடமோ, நண்பர்களிடமோ பழகியவர்கள். நான் பணம் கட்டிப் பள்ளிக்குப் போய் அதே தப்பைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறேன்.

விழுந்த வண்டியைச் சரிசெய்த மெக்கானிக் அண்ணன்தான் முதலில் சந்தேகப்பட்டார். "ஸ்கூல் வண்டி கிளட்ச விட்டா தானா ஓடுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் சிரித்துவிட்டு, தானே என்னோடு பள்ளிக்கு வந்தார். மைதானத்தில் வண்டி சும்மா நின்றுகொண்டிருந்தது. அவர் குனிந்து ஸ்க்ரூவைக் கொஞ்சம் பின்னால் திருப்பினார், உறுமல் அடங்கியது. வரிசையில் அடுத்து நின்ற பையனை ஓட்டச் சொன்னார். கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிட்டது. நன்றாக எட்டு போட்டுக்கொண்டிருந்த பையன் அவன்.

பள்ளிக்காரர் கோபப்படவே இல்லை. "எல்லா இடத்துலயும் இப்படித்தான். பாஸ் பண்ணி விடறோம்னுதான் சொன்னோம். நீங்க பாஸ் ஆயிட்டீங்கல்ல?" என்றார். அந்தப் பதிலில்தான் எனக்கு உண்மையான எரிச்சல். விற்றது லைசென்ஸ், அதைச் 'சொல்லித்தருகிறோம்' என்று எழுதி விற்றிருக்கிறார்கள்.

என்னோடு கற்றுக்கொண்ட ஒரு அக்காவுக்கு நடந்தது வேறு விதம். டெஸ்ட் அன்று அவருக்குப் பள்ளி வண்டி கிடைக்கவில்லை, வேறு வண்டியில் ஏறச் சொன்னார்கள். அது ஒழுங்காக ஐடிலிங் வைத்த வண்டி. எட்டின் நடுவில் ஆஃப் ஆகி, கால் தரையில் பட்டு, ஃபெயில். 'பாஸ் ஆகாவிட்டால் பணம் வாபஸ்' என்று சேரும்போது சொன்னதை நம்பிப் போய்க் கேட்டார். அதற்கு ஒரு தாளை எடுத்து நீட்டினார்கள். எல்லா வகுப்புக்கும் வந்ததாக, திருப்தியாகக் கற்றுக்கொண்டதாக அவருடைய கையெழுத்து. முதல் நாளே, 'சும்மா ஃபார்மாலிட்டி' என்று எங்கள் எல்லோரிடமும் மொத்தமாக வாங்கிய கையெழுத்து அது. வகுப்பு நடக்க நடக்க, அன்றன்றைக்குத் தேதி போட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத பள்ளி வேண்டாம்.

உருப்படியான டெஸ்ட் என்றால் திருகி வைத்த வண்டியின் சாயம் வெளுத்துவிடும். ஜப்பானில் 15 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம் உள்ள மேடை மேல் வேண்டுமென்றே மெதுவாகப் போக வேண்டும். நடுத்தர வண்டிக்கு 7 நொடி, பெரிய வண்டிக்கு 10 நொடியாவது எடுக்க வேண்டும். தானாக ஓடும் வண்டியில் அது நடக்காது. பிரிட்டனில் 2009 முதல் மைதான டெஸ்டில், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து அவசரமாக நிறுத்திக் காட்ட வேண்டும். முன் பிரேக் தெரியாதவர் அங்கேயே திண்டாடுவார். வெறும் எட்டோடு முடிகிற டெஸ்டில்தான் இந்த வியாபாரம் நடக்கும்.

பள்ளியில் சேரும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: முன் பிரேக்கை எந்த வகுப்பில் சொல்லித்தருவீர்கள்? மேட்டில் நிறுத்திக் கிளம்ப விடுவீர்களா? பதில் மழுப்பலாக வந்தால் கிளம்பிவிடுங்கள். அந்த அக்கா இப்போது வேறு இடத்தில் சேர்ந்திருக்கிறார். அங்கே முதல் வகுப்பில் எஞ்சினையே போடவில்லையாம். வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து, முன் பிரேக்கை மெல்லப் பிடித்து நிறுத்தச் சொன்னார்களாம். பழைய பள்ளி மேல் நாங்கள் இருவரும் சேர்ந்து புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம். நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளின் நகலைக் கேட்டோம். நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.