பக்கம் மாத்துறதா, ரெண்டு பக்கமும் வகுக்குறதா?

காரைக்குடில சாயங்காலம் பசங்களுக்கு கணக்கு சொல்லிக் குடுக்குறேன், எழுத்தாவே இருக்க சமன்பாட்டுல ஒரு எழுத்த மட்டும் தனியா எடுங்கடான்னா மூணு விதமா போடுறாங்க.

ஒண்ணு, நம்பர போட்டுட்டு அப்புறம் பாக்குறது. எங்க ஐயா இந்தக் கட்சி, ரூவா வட்டின்னா நூத்துக்கு மாசம் ஒரு ரூவா, லட்சத்துக்கு ஆயிரம், இதுக்கு எதுக்குப்பா ஃபார்முலான்னு கேப்பாக. நியாயந்தான், ஆனா நம்பர் மாறுனா மறுபடி முதல்லேர்ந்து போடணும்.

அடுத்தது பக்கம் மாத்துறது. கூட்டல் அந்தப் பக்கம் போனா கழித்தல், பெருக்கல் போனா வகுத்தல், சட்டுன்னு முடிஞ்சிரும். மூணாவது ரெண்டு பக்கமும் ஒரே வேலைய செய்யுறது, இழுவைதான், ஆனா என் ஓட்டு இதுக்குத்தான்.

ஏன்னு கேட்டா, கல்யாணத்துக்கு ரெண்டு சமையல்காரர்ட்ட ரேட்டு கேக்குறோம்னு வைங்க. ஒருத்தர் கூலி க, இலைக்கு ப. இன்னொருத்தர் கூலி ச, இலைக்கு த. எத்தன இலைல ரெண்டும் சமமாகும்? இலை எண்ணிக்கைய இ-ன்னு வச்சா, க + ப×இ = ச + த×இ. இ-ய ஒரு பக்கம் சேத்தா (ப − த)×இ = ச − க. பக்கம் மாத்துற பய அப்டியே (ப − த)-வ கீழ தள்ளி விடையில கட்டம் போட்டுருவான். 15,000-மும் இலைக்கு 300-ம் ஒருத்தர், 5,000-மும் 350-ம் இன்னொருத்தர்னா 200 இலை, சரியா வருது. ரெண்டு பேருமே 300-ன்னா? கீழ ஜீரோ. எத்தன இலை போட்டாலும் அந்த 10,000 வித்தியாசம் அப்டியே நிக்கும், சமமாகவே ஆகாது. கூலியும் ஒண்ணா இருந்தா எத்தன இலைக்கும் சமம்தான். ரெண்டு பக்கமும் (ப − த)-ஆல வகுக்குறேன்னு கையால எழுதுறவனுக்குத்தான், அட இது ஜீரோவா இருந்தா என்ன பண்றதுன்னு ஒரு செகண்டு தோணும்.

தனிவட்டியும் இப்படித்தான். காலம் = 100 × வட்டி ÷ (அசல் × வீதம்). சொந்தக்காரங்களுக்கு வட்டியில்லாம கைமாத்தா குடுத்த காசுக்கு வீதம் ஜீரோ, வட்டியும் ஜீரோ, ஒரு மாசமானாலும் பத்து வருசமானாலும் அதே ஜீரோதான், அப்ப வட்டிய வச்சு காலத்த எப்புடி கண்டுபிடிக்க?

வகுக்குற இடத்துல வெறும் நம்பர்னா பக்கம் மாத்திட்டுப் போ, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். எழுத்து வந்தா பக்கத்துலயே 'ப, த சமமில்ல'ன்னு எழுதலன்னா அரை மார்க்கு கட், பசங்க கரிச்சுக் கொட்டுறாங்க, கொட்டட்டும்.