பெலேயா, கரிஞ்சாவா?

கால்பந்தில் பெலே என்றதும் மரடோனாவை எதிரில் நிறுத்திவிடுகிறோம். எனக்கென்னவோ பெலேக்குச் சரியான போட்டி அவருடைய சொந்த பிரேசில் அணியிலேயே, வலது ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த கரிஞ்சாதான் என்று தோன்றும்.

இருவரும் உலகக் கோப்பையில் முதலில் களமிறங்கியது ஒரே ஆட்டத்தில். 1958 ஜூன் 15, ஸ்வீடனின் கோதன்பர்க், எதிரணி சோவியத் யூனியன். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கரிஞ்சா அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. அடுத்து பெலே அடித்ததும் கம்பத்தில்தான் பட்டது. இந்த இருவரையும் ஆட வைக்க வேண்டாம் என்று அணியின் உளவியல் நிபுணர் சொல்லியிருந்தார். பயிற்சியாளர் ஃபியோலா அதைக் காதில் வாங்கவில்லை, நல்லவேளை.

பெலேயிடம் குறை தேடினால் கிடைக்காது. இரண்டு கால்களிலும் அடிப்பார், தலையால் முட்டுவார், கோல் போடவும் போட வைக்கவும் தெரியும். அந்த உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், 17 வயதில், பந்தை மார்பில் வாங்கி, ஸ்வீடன் டிஃபெண்டரின் தலைக்கு மேலே தூக்கிவிட்டு, அது கீழே விழுமுன் வலைக்குள் அடித்தார். பிரேசிலுக்காக 92 ஆட்டங்களில் 77 கோல், 3 உலகக் கோப்பைகள்.

கரிஞ்சாவிடம் இருந்தது கிட்டத்தட்ட ஒரே வித்தைதான். இரண்டு கால்களும் ஒரே பக்கமாக வளைந்தவை, ஒன்று மற்றதைவிடக் குட்டை. பந்தை அசையாமல் நிறுத்திக்கொண்டு நிற்பார். உடம்பு இடது பக்கம் சாயும். பந்து அப்படியே கிடக்கும். எதிரில் நிற்பவரும் கூடவே சாய்வார். சட்டென்று வலது பக்கம் பாய்ந்துவிடுவார். பெரும்பாலும் வலது பக்கம்தான். எல்லாருக்கும் தெரியும், தெரிந்தும் ஏமாந்தார்கள்.

1962இல் சிலியில் இரண்டாவது ஆட்டத்திலேயே பெலே காயம்பட்டு ஒதுங்கினார். அப்புறம் பார்த்தது வேறு கரிஞ்சா. இங்கிலாந்துக்கு எதிராக 2 கோல், அரையிறுதியில் சிலிக்கு எதிராக 2 கோல். அதில் தலையால் முட்டியதும் உண்டு, இடது காலால் தொலைவிலிருந்து அடித்ததும் உண்டு. ஓரத்தில் ஆடுபவர் ஓர் அணியையே தோளில் சுமந்தார். ஒரே ஒரு உலகக் கோப்பையை வைத்துத் தீர்ப்பு சொல்லச் சொன்னால் நான் இந்த 1962 கரிஞ்சாவைத்தான் சொல்வேன், பெலேயை அல்ல.

முழு வாழ்க்கையையும் எடுத்தால் கதை மாறும். பெலே 1970 வரை உச்சியில் நின்றார், பின்னாளில் அமைச்சரானார், 2022இல் 82 வயதில் மறைந்தார். முழங்கால் வலியும் குடியும் கரிஞ்சாவைச் சீக்கிரமே சாய்த்தன. 1983இல் போனபோது வயது 49. எத்தனை முறை படித்தாலும் மனம் கனக்கிறது.

ஆனால் இருவரும் சேர்ந்து ஆடிய ஆட்டம் எதிலும் பிரேசில் தோற்றதே இல்லை. கடைசியாகச் சேர்ந்து ஆடியது 1966 உலகக் கோப்பையில், பல்கேரியாவுக்கு எதிராக: 2-0, ஆளுக்கொரு ஃப்ரீ கிக் கோல். அடுத்து ஹங்கேரியுடன் பெலே இல்லை, 3-1 தோல்வி. அதற்கடுத்து போர்ச்சுகலுடன் கரிஞ்சா இல்லை, மறுபடி 3-1 தோல்வி. பிரேசில் சட்டையில் கரிஞ்சா கண்ட ஒரே தோல்வி அந்த ஹங்கேரி ஆட்டம். பிரேசிலுக்காக அவர் ஆடிய கடைசி அதிகாரபூர்வ ஆட்டமும் அதுதான்.