பழைய கம்ப்யூட்டருக்கு எது: டைனி கோரா, பப்பியா, ஆன்டிஎக்ஸா?

பென்டியம் 4 ப்ராசசர், 512 எம்பி ரேம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க். சும்மா கிடந்த இந்த டெஸ்க்டாப்பில் டைனி கோர், பப்பி, ஆன்டிஎக்ஸ் என்ற மூன்று லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் சில வாரங்கள் வேலை பார்த்தேன். மூன்றுமே ஒழுங்காக ஓடின. வித்தியாசம் தெரிந்தது ஷட்டவுன் செய்யும்போதுதான். நாம் எழுதியதும் மாற்றியதும் எங்கே போய்ச் சேருகிறது என்பதில் மூன்றுக்கும் மூன்று வழி. ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் செய்ய இறக்கும் கோப்பு) எத்தனை எம்பி என்று மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் இதில்தான் பிறகு அவதிப்படுகிறார்கள்.

சின்ன அளவு என்றால் டைனி கோரை அடித்துக்கொள்ள ஆளில்லை. டெஸ்க்டாப்போடு சேர்த்தே 25 எம்பிக்குள் அடங்கிவிடும். 46 எம்பி ரேம் இருந்தாலே பூட் ஆகும்; 128 எம்பியாவது இருப்பது நல்லது என்கிறார்கள் அதை உருவாக்குபவர்கள். அடிப்படை சிஸ்டம் முழுக்க ஒவ்வொரு முறையும் புத்தம் புதிதாக ரேமில் ஏறுகிறது. வேண்டிய சாஃப்ட்வேரை எக்ஸ்டென்ஷனாக இறக்கி டிசிஇ ஃபோல்டரில் வைத்தால், பூட் ஆகும்போது அவை வந்து ஒட்டிக்கொள்ளும். நம் சொந்த மாற்றங்கள் ஒரு பேக்கப் கோப்பில் சுருட்டி வைக்கப்பட்டு, அடுத்த பூட்டில் விரிக்கப்படும்.

நான் மாட்டிக்கொண்டது அந்தப் பேக்கப்பில்தான். ஹோம் ஃபோல்டரும் ஆப்ட் ஃபோல்டரும் பேக்கப் பட்டியலில் முன்பே இருக்கின்றன. பிரிண்டர் அமைப்புகள் இருப்பதோ வேறிடத்தில். அரை நாள் உட்கார்ந்து பிரிண்டரைச் சரிசெய்து, ஒரு பக்கம் அச்சடித்தும் பார்த்துவிட்டு அணைத்தேன். மறுநாள் பிரிண்டரைக் காணோம். ஃபைல்டூல் என்ற அந்தப் பேக்கப் பட்டியலில் அந்த ஃபோல்டரின் பாதையை ஒரு வரியாகச் சேர்த்த பிறகுதான் நிலைத்தது. முறையாக வெளியேறாமல் கரண்ட் போய்விட்டால் அன்றைய மாற்றங்களும் போச்சு. ஆனால் அதே காரணத்தால் சிஸ்டம் மட்டும் கெடவே கெடாது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் மெஷினுக்கு இது அருமையான குணம். வைஃபை வேண்டுமென்றால் சின்ன ஐஎஸ்ஓவோடு மல்லுக்கட்டாதீர்கள். வைஃபை கருவிகளும் இன்ஸ்டாலரும் சேர்ந்தே வரும் கோர்ப்ளஸை எடுத்துக்கொள்ளுங்கள்.

2003இல் பாரி கௌலர் தொடங்கிய பப்பியும் ரேமில் ஓடுவதுதான். ஆனால் புதிதாக வருபவரை இது கைப்பிடித்து அழைத்துப்போகிறது. முதல்முறை அணைக்கும்போதே, ‘இதுவரை செய்ததைச் சேமிக்கவா, எங்கே?’ என்று கேட்கும். சரி என்றால் ஒரு சேவ் கோப்பு உருவாகி, அன்றிலிருந்து எல்லாம் அதற்குள் போகும். ஹார்ட் டிஸ்க் செத்துப்போன ஒரு லேப்டாப் என்னிடம் இருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிட்டு, பென்டிரைவில் பப்பியை வைத்து ஓட்டுகிறேன். மெனுவைத் தட்டினால் உடனே திறக்கிறது. டிஸ்க் கரகரக்கும் சத்தமே இல்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பப்பியின் முக்கியக் கோப்பு ரேமில் ஏறுவதற்கு இடம் இருந்தால்தான் இந்த வேகம். ரேம் போதாவிட்டால் அது பென்டிரைவிலிருந்தே படிக்கத் தொடங்கும், பழைய யூஎஸ்பி போர்ட்டில் அது பொறுமையைச் சோதிக்கும். இன்னொன்று, பப்பியில் நாம் எப்போதுமே ரூட், அதாவது சிஸ்டத்தில் எதையும் மாற்றும் முழு அதிகாரம் உள்ளவர். தனியாக ஒருவர் பயன்படுத்தும் மெஷினில் எனக்கு அது உறுத்தவில்லை. பலர் கை வைக்கும் கம்ப்யூட்டர் என்றால் நான் பப்பியைப் போட மாட்டேன்.

ஆன்டிஎக்ஸ் வேறு ரகம். டெபியன் என்ற பெரிய லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு, சிஸ்டம்டி (பின்னணிச் சேவைகளைத் தொடங்கி நடத்தும் மென்பொருள்) இல்லாமல் கட்டப்பட்டது. ஹார்ட் டிஸ்க்கில் வழக்கம்போல இன்ஸ்டால் ஆகும். சேமித்தால் சேமித்த இடத்தில் இருக்கும், அவ்வளவுதான். பிரிண்டர், தமிழ் எழுத்துரு, தட்டச்சு எல்லாமே ஏபிடி என்ற இன்ஸ்டால் கட்டளையில் டெபியன் களஞ்சியத்திலிருந்து வந்துவிடும். திரையில் ஜன்னல்களைக் கையாள்வது ஐஸ்டபிள்யூஎம் என்ற எளிய விண்டோ மேனேஜர் என்பதால் ரேமை அதிகம் கடிப்பதில்லை. குறைந்தது 512 எம்பி ரேம் பரிந்துரைக்கிறார்கள், ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) இருந்தால் 256லும் ஓட்டலாம். டிஸ்க்கில் 7 ஜிபி வேண்டும். என் டெஸ்க்டாப்பில் கடைசியில் நிலைத்தது இதுதான். தினமும் உட்கார்ந்து எழுதும் கம்ப்யூட்டரில் ‘இது சேவ் ஆகுமா’ என்ற கவலையே இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ப்ராசசரை முதலில் பாருங்கள். தொடக்க கால பென்டியம் எம் ப்ராசசர்கள் சில, பிஏஇ என்ற, அதிக ரேமைக் கையாளும் வசதி இல்லை என்று சொல்லி பூட்டிலேயே நின்றுவிடும். ஆன்டிஎக்ஸின் 32 பிட் பதிப்பு பிஏஇ தேவைப்படாத கெர்னலோடு (சிஸ்டத்தின் மையப் பகுதி) வருவதால் அங்கே தப்பிக்கலாம். பென்டியம் 3, அத்லான் எக்ஸ்பி ஆகியவற்றில் எஸ்எஸ்இ2 என்ற ப்ராசசர் கட்டளைத் தொகுதி கிடையாது. ஃபயர்ஃபாக்ஸ் 53லிருந்தே அது கட்டாயம். அந்த மெஷின்களில் டில்லோ போன்ற சின்ன உலாவிதான் கதி, அதில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடாது. உண்மையில் இன்று பழைய கம்ப்யூட்டரின் மூச்சை வாங்குவது உலாவிதான். 512 எம்பியில் ஃபயர்ஃபாக்ஸ் திறந்தால், மூன்று லினக்ஸில் எது இருந்தாலும் இரண்டாவது டேபிலேயே ஸ்வாப் ஓடத் தொடங்கிவிடும். முடிந்தால் இன்னொரு ரேம் தேடிச் செருகுங்கள்.

எந்த இணையதளமும் திறக்காமல் சான்றிதழ் பிழை வந்தால், லினக்ஸை மாற்றுவதற்கு முன் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். என் மெஷின் 2002ஆம் ஆண்டைக் காட்டிக்கொண்டிருந்தது. மதர்போர்டில் இருந்த சிஆர்2032 பேட்டரியை மாற்றியதும் எல்லாத் தளங்களும் திறந்தன. பயாஸில் (மதர்போர்டின் தொடக்க அமைப்பில்) யூஎஸ்பி பூட் இல்லையென்றால், ப்ளாப் பூட் மேனேஜரை ஒரு சிடியில் எழுதி அதன் வழியாகப் பென்டிரைவுக்குப் போகலாம்.

ரேம் 128 எம்பிக்குப் பக்கத்தில் என்றால் டைனி கோர். டிஸ்க் போய் ரேம் மட்டும் ஓரளவு இருந்தால் பப்பி. 512 எம்பியும் நல்ல டிஸ்க்கும் இருந்தால் யோசிக்காமல் ஆன்டிஎக்ஸ். 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13, 32 பிட் பிசிக்கான கெர்னலையும் இன்ஸ்டாலரையும் நிறுத்திவிட்டது. உங்களிடம் 32 பிட் மெஷின் இருந்தால், டெபியன் 12ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23இன் ஐஎஸ்ஓவை இப்போதே இறக்கி, ஒரு பிரதி பத்திரமாக எடுத்து வையுங்கள்.