எட்டால் பெருக்க வைக்கும் ஹெக்ஸ் எடிட்டர்

தட்டில் உள்ள பைட்டுகளை அப்படியே காட்டித் திருத்த விடும் மென்பொருள்தான் ஹெக்ஸ் எடிட்டர். 8 டெராபைட் வன்தட்டை இந்த ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் கண் இமைப்பதற்குள் முதல் செக்டரின், அதாவது தட்டு தரவைப் பிரித்து எண்ணிட்டு வைக்கும் சிறு துண்டின், பைட்டுகள் திரைக்கு வந்துவிடுகின்றன. முழுத் தட்டையும் நினைவகத்தில் ஏற்றாமல், நாம் பார்க்கும் பகுதியை மட்டுமே அது படிப்பதுதான் காரணம். எழுதும் அனுமதி தொடக்கத்தில் பூட்டியே இருக்கிறது. தட்டின் பகிர்வுகள் (பிரிக்கப்பட்ட பகுதிகள்) எங்கே என்று குறித்துவைக்கும் ஜிபிடி முறையின் தலைப்பில் ஒரு பைட்டை மாற்றினாலும் திரும்பக் கணக்கிட வேண்டிய சிஆர்சி32 என்னும் சரிபார்ப்பு எண்ணையும் அதுவே கணக்கிட்டுத் தருகிறது. பிறருடைய தட்டுகளில் கை வைக்கும் எனக்கு இவை பெரும் நிம்மதி.

ஆனால் செக்டர் என்றால் 512 பைட்தான் என்று இந்த மென்பொருள் பிடிவாதமாக இருக்கிறது; அதை மாற்ற வழியே இல்லை. பெரிய தட்டுகளை உள்ளே வைத்துக் கணினியோடு இணைக்கும் யுஎஸ்பி பெட்டிகளில் சில, கணினிக்கு 4096 பைட் செக்டர்களையே காட்டுகின்றன. ஜிபிடிக்கு முந்தியதும் 32 பிட் எண்ணால் செக்டரைக் குறிப்பதுமான பழைய எம்பிஆர் பகிர்வு முறை, 512 பைட் கணக்கில் சுமார் 2.2 டெராபைட்டோடு நின்றுவிடும் என்பதால் வந்த ஏற்பாடு அது. பெட்டி பழுதானபின் தட்டைக் கழற்றி நேரடியாக சாட்டா கேபிளில் இணைத்தால், தட்டு தன்னை 512 என்றே அறிவிக்கும். விண்டோஸோ பகிர்வுகளைக் காணாமல் தட்டைப் புதிதாகத் தயார்ப்படுத்தச் சொல்லும். தரவு எங்கும் போய்விடவில்லை. ஜிபிடி தலைப்பின் அடையாளமாக 512ஆம் பைட்டில் தேடப்படும் 'இஎஃப்ஐ பார்ட்' என்னும் எழுத்துகள் 4096ஆம் பைட்டில் பத்திரமாக இருக்கின்றன.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்சில் திருமணப் படம் எடுக்கும் நண்பரின் தட்டு இப்படித்தான் என்னிடம் வந்தது. 4096 பைட் கணக்கில் பகிர்வின் தொடக்கம் 256ஆம் செக்டர் என்று அட்டவணை சொன்னால், 512 கணக்கில் காட்டும் இந்த எடிட்டரில் நான் எட்டால் பெருக்கி 2048க்குப் போக வேண்டும். கடைசி செக்டரில் உள்ள காப்புத் தலைப்பை (ஜிபிடி தலைப்பின் நகலை)த் தேடும்போது பத்து இலக்க எண்ணை எட்டால் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டும். ஓர் இலக்கம் பிசகினால் எழுதுவது வேறொருவரின் திருமணப் படத்தின்மேல் விழும் என்பதை இந்த மென்பொருளைச் செய்தவர்கள் ஏன் எண்ணிப் பார்க்கவில்லை? லினக்ஸில் இலவசமாகக் கிடைப்பதும் தட்டை வேறொரு தட்டுப்போலக் கணினிக்குக் காட்டுவதுமான லோசெட்டப் கட்டளை, செக்டர் அளவை 4096 என்று ஒரே விருப்பத்தில் ஏற்றுக்கொள்கிறது.

நண்பர் பின்னர், "அண்ணே, நானும் இந்த எடிட்டரையே வாங்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கணினிப் பொருள் விற்கும் லோயாட் பிளாசாவில் அதே வகை யுஎஸ்பி பெட்டி ஒன்றை வாங்கித் தட்டை அதில் பொருத்திப் பாருங்கள், கிடைக்காவிட்டால் லினக்ஸ் வழியாகப் படங்களை நகலெடுத்துத் தருகிறேன் என்றும் சொன்னேன். செக்டர் அளவைக் கேட்கும் ஒரு சிறு கட்டம் அந்த எடிட்டரில் வரும்வரை என் பதில் மாறாது.