லயத்து வீட்டுக்கு ஃபைபரா, ஸ்டார்லிங்கா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில், லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கும் மாமா கேட்டார்: "டவுன்ல ஃபைபர் வந்துருச்சு, இங்க காணோம். ஸ்டார்லிங்க் போட்டுடவா?" ஃபைபர் என்றால் கேபிள் வழி வரும் இணையம், ஸ்டார்லிங்க் என்றால் செயற்கைக்கோள் வழி டிஷ்ஷில் வரும் இணையம்.

செலவு
ஃபைபர்: மாதம் நூறு வெள்ளி (ரிங்கிட்) சுமாருக்கே கிடைக்கும்.
ஸ்டார்லிங்க்: 2023 ஜூலையில் இங்கே வந்தபோது மாதம் 220 வெள்ளி, டிஷ்ஷுக்குத் தனியாக 2,300. தோட்டச் சம்பளத்தில் இது விளையாட்டில்லை.

மழை
ஃபைபர்: கண்ணாடி இழை, மழையைப் பற்றிக் கவலையில்லை. மரம் சாய்ந்து கேபிள் அறுந்தால்தான் தொல்லை.
ஸ்டார்லிங்க்: சாயங்காலக் கனமழையில் கொஞ்சம் தடுமாறும். மின்சாரம் போனால், சரி, இரண்டுமே படுத்துவிடும்.

பொருத்துவது
ஸ்டார்லிங்க்: நாமே வைத்துவிடலாம். ஆனால் வானம் திறந்திருக்க வேண்டும். செம்பனை மட்டை மறைத்தால் இணைப்பு அறுந்து அறுந்து வரும்.
ஃபைபர்: இங்கேதான் சிக்கல். லயம் நிற்பது தோட்ட நிர்வாகத்தின் நிலம். அவர்கள் அனுமதி தராமல் கம்பம் நட முடியாது. நாலைந்து வீடுகளுக்காகக் கேபிள் இழுக்க நிறுவனங்களும் யோசிக்கும்.

டவுன் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருப்பவர்கள் யோசிக்காமல் ஃபைபர் போடலாம். உள்தோட்டத்தில், கைப்பேசியில் 4ஜி ஓரளவு கிடைத்தால் முதலில் சிம் போடும் ரவுட்டர் போதும். அதுவும் இல்லை என்றால்தான் ஸ்டார்லிங்க். மாமாவுக்கு 4ஜி இரண்டு கோடு காட்டுகிறது, வாசலில் நின்றால்.