டிஸ்னி வேர்ல்ட்: உள்ளே தங்குவதா, வெளியே தங்குவதா?

ஆர்லாண்டோ பயணத்தில் பலரும் முதலில் குழம்புவது இங்கேதான்.

முன்பதிவு, உள்ளே: டிஸ்னி ஹோட்டலில் தங்கினால் லைட்னிங் லேன் (பணம் கட்டி ரைடுகளில் நீண்ட வரிசையைத் தவிர்க்கும் வழி) நேரங்களை 7 நாள் முன்பே, தங்கும் நாட்கள் அத்தனைக்கும் சேர்த்துப் பிடித்துவிடலாம்.
வெளியே: பெரும்பாலும் 3 நாள் முன்புதான், அதுவும் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக. காலை 7 மணிக்கே போனும் கையுமாக உட்கார்ந்தாலும் ஸ்லிங்கி டாக் டாஷ் மாதிரி ரைடுகளில் நல்ல நேரமெல்லாம் பெரும்பாலும் போயிருக்கும். கட்டணம் என்னவோ இருவருக்கும் உண்டு.

காலை நுழைவு, உள்ளே: பார்க் திறக்கும் நேரத்துக்கு 30 நிமிடம் முன்னதாக.
வெளியே: பெரும்பாலும் கிடையாது.

செலவு: வெளியேதான் மலிவு, சமையலறை உள்ள வீடும் கிடைக்கும்.

சின்னக் குழந்தைகளோடு இரண்டு மூன்று நாள்தான் என்றால் யோசிக்காமல் உள்ளே தங்குங்கள். பெரிய குடும்பமாக, ஒரு வாரம் நிதானமாகச் சுற்றுவதற்கு வெளியே போதும்.